இறந்தோரை எழுப்பும் விளையாட்டு: புரொன்ரே பிள்ளைகளின் இழவிரக்கமும் கற்பனையும் பற்றிய ஒரு நோக்கு

பிள்ளைகளின் கற்பனையை மதிப்பிடும் விடயத்தில் எமது விமர்சனம் நெடுங்காலமாகவே ஒருவகைச் சங்கடத்துக்கு உள்ளாகி வந்துள்ளது. வளர்ந்த எழுத்தாளன் ஒருவன் தன் காலத்து முரண்பாடுகளினின்றும் விலகி மாய உலகொன்றைப் படைப்பானாயின், அதனை நழுவல் இலக்கியம் எனப் பெயரிட்டு ஒதுக்குவதற்கு நாம் தயங்குவதில்லை. அவ்வாறு ஒதுக்கியமை பல சந்தர்ப்பங்களிற் சரியானதே. ஆயின், தாயையும் தமக்கையரையும் இழந்த பிள்ளையொன்று மரப்பொம்மைக்குப் பெயர்சூட்டிப் போருக்கு அனுப்பி, கொன்று, மறுநாள் உயிர்ப்பிக்கும்போது அதே அளவுகோலை அங்கும் கொண்டுசெல்லலாமா? மறுபுறத்தில், பிள்ளையின் கற்பனை என்றாலே அது தூயது, வரலாற்றின் கறை படியாதது என்று நெகிழ்ந்துபோகும் போக்கும் உண்டு. இவ்விரண்டும் ஒரே தவறின் இரு வடிவங்கள் என்பதே எமது எண்ணம். கற்பனை எவ்வகை மூலப்பொருளைக் கொண்டு ஆக்கப்படுகின்றது, யாரோடு சேர்ந்து ஆக்கப்படுகின்றது என்ற வினாக்களை இரு தரப்பினருமே எழுப்புவதில்லை.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு ஆங்கில நாவல் வரலாற்றில் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு குடும்பம் துணைசெய்கின்றது. சார்லற், எமிலி, ஆன் ஆகிய புரொன்ரே சகோதரிகளின் நாவல்களை எமது பல்கலைக்கழகங்களின் ஆங்கிலத்துறை மாணவர் அறிவர். அந்நாவல்களுக்குப் பின்னால், அவர்கள் தம் சகோதரன் பிரான்வெல்லுடன் இணைந்து எழுதிக் குவித்த சிறுபராய எழுத்துக்களின் பெருந்தொகுதி ஒன்று இருப்பதைப் பலர் கவனத்திற் கொள்வதில்லை. 1941இல் அமெரிக்கப் புலமையாளரான றச்போர்ட் அவ்வெழுத்துக்களை விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். 1975இல் வெளிவந்த ரெறி ஈகிள்ரனின் மார்க்சிய ஆய்வு புரொன்ரே நாவல்களின் வர்க்க அடித்தளத்தைத் துலக்கியது. எனினும் அந்நூலின் கவனம் பிரதானமாக நாவல்கள் மீதே குவிந்திருந்தது. நாம் இங்கு பேச விரும்புவது அவற்றுக்கு முந்திய காலத்தை.

குடும்பத் தலைவரான பற்றிக் புரொன்ரே அயர்லாந்தில் வறிய குடியானவர் குடும்பத்திற் பிறந்து, தன் முயற்சியால் கேம்பிறிட்ஜ் சென்று படித்து, ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர். 1820இல் மனைவியுடனும் ஆறு பிள்ளைகளுடனும் யோர்க்ஷயரின் ஹாவோர்த் என்னும் கம்பளி நெசவுக் கிராமத்துக்குப் பணியேற்று வந்தார். மறு ஆண்டு செப்ரெம்பர் 15ஆம் நாள், பல மாத நோயின் பின்னர், மனைவி இறந்தார். மூத்தவள் மரியாவுக்கு அப்போது ஏழு வயது. கடைக்குட்டி ஆனுக்கு இரண்டு வயதும் நிறையவில்லை. இரண்டாமவள் எலிசபெத். ஐந்து வயதினளாயிருந்த சார்லற்றுக்குத் தாயைப் பற்றி எஞ்சியிருந்த நினைவு மிகச் சொற்பம்: ஒரு மாலைப்பொழுதில் தாய் சிறுவன் பிரான்வெல்லுடன் விளையாடிக்கொண்டிருந்த காட்சி.

இச்சோகத்தை ஒரு குடும்பத்தின் தனித்த விதியாக வருணிப்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களின் வழக்கம். பாழ்வெளியும் காற்றும் கல்லறைகளும் அவ்வருணனைக்குப் பின்னணி இசை வழங்கும். ஆனால் ஹாவோர்த்தின் சுகாதார நிலைபற்றி 1850இல் பபேஜ் என்னும் அரசாங்கப் பரிசோதகர் சமர்ப்பித்த அறிக்கை வேறொன்றைச் சொல்கின்றது. அக்கிராமத்தில் இறப்பின் சராசரி வயது 25.8. பிறந்தோரில் 41 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆறு வயதுக்கு முன்பே இறந்தனர். கழிவுநீருக்கு வாய்க்கால் இல்லை, குடிநீர் மாசடைந்திருந்தது. நெசவாளர் குடில்களில் தாயை இழந்த பிள்ளைகளும் உடன்பிறந்தாரை இழந்த பிள்ளைகளும் எண்ணற்றோர். அவர்களிடம் தாளும் மையும் நேரமும் இல்லாதபடியால் அவர்களது கற்பனை எமக்குக் கிட்டவில்லை. குருமனைப் பிள்ளைகளின் ஏடுகளைப் புரட்டும்போது எழுதப்படாத அந்த ஏடுகளையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1824இல் பெண்பிள்ளைகள் நால்வர் கௌவன் பிரிட்ஜ் என்னுமிடத்தில் வறிய குருமாரின் புதல்வியருக்கென நிறுவப்பட்ட விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். ஆண்டுக்கு 14 பவுண் கட்டணம். மீதியைத் தருமம் ஈடுசெய்தது. கெட்டுப்போன உணவும், குளிர்காலத்தில் ஈரக்காலுடன் தொலைவிலுள்ள தேவாலயத்துக்கு நடக்கும் நடையும், தருமத்தாற் கற்கும் பிள்ளைக்குப் பணிவைப் புகட்டுவதற்கெனவே அமைந்த ஒழுங்குகளும் அங்கிருந்தன. காசநோயுடன் மரியா வீட்டுக்கு அழைத்துவரப்பட்டு 1825 மே 6இல் இறந்தாள். எலிசபெத் யூன் 15இல் இறந்தாள். இங்கு ஒரு சிறு விபரத்தை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். மரியா இறந்தபோது சார்லற் வீட்டில் இல்லை, பாடசாலையிலேயே இருந்தாள். அவளும் எமிலியும் யூன் முதலாம் நாளே வீடு திரும்பினர். தாயின் இடத்தில் நின்று தம்பி தங்கையரைப் பேணிய தமக்கையின் மரணப்படுக்கையருகே ஒன்பது வயதுச் சிறுமி இருக்க வாய்க்கவில்லை.

எமது சமூகத்தில் இழவு வீட்டில் ஒப்பாரி உண்டு. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் உண்டு. வளர்ந்தோரின் துயரத்துக்கு மரபு ஒரு வடிவத்தை ஏலவே சமைத்து வைத்திருக்கின்றது. பிள்ளைக்கோ அங்கும் இங்கும் இடமில்லை. வெளியே போய் விளையாடு என்பதே அதற்குக் கிடைக்கும் கட்டளை. ஹாவோர்த் குருமனையில் இறந்த மூவரும் தேவாலயத் தளத்தின் கீழேயுள்ள குடும்ப நிலவறையில் அடக்கஞ் செய்யப்பட்டிருந்தனர். ஞாயிறுதோறும் தந்தை அக்கட்டடத்திலேயே பிரசங்கித்தார். பிள்ளைகள் அமைதியாக அமர்ந்திருந்தனர். அவ்வமைதிக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய அவர்களது விளையாட்டைத் தவிர எமக்கு வேறு சான்று இல்லை.

தந்தை இதனை ஓரளவு உணர்ந்திருந்தார் போலும். சார்லற்றின் வாழ்க்கை வரலாற்றை 1857இல் வெளியிட்ட எலிசபெத் காஸ்கெல் அம்மையாருக்கு அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறியிருந்தார். மூத்தவளுக்குப் பத்து வயதும் கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயதும் ஆகியிருந்த காலத்தில், பிள்ளைகள் தாம் அறிந்ததை வெளிப்படையாகச் சொல்வதில்லை என்று எண்ணிய அவர், வீட்டிற் கிடந்த முகமூடி ஒன்றை எடுத்து, ஒவ்வொருவராக அதன் பின்னே நின்று துணிவாக விடை பகருமாறு பணித்தாராம். முகம் மறைந்தபோது பிள்ளைகள் பேசினர். கற்பனை பற்றிய நீண்ட கோட்பாடுகள் பலவற்றிலும் பார்க்க இந்த முகமூடி எமக்கு அதிகம் உணர்த்துகின்றது.

இனி, எமது நோக்கில் முழுத் தொகுதியிலும் மிக முக்கியமான சிறு நூலுக்கு வருவோம். 1828ஐ ஒட்டி, பன்னிரண்டு வயதளவில், சார்லற் தன் கடைசித் தங்கைக்கென ஓர் ஏட்டை எழுதி, வர்ணப்படங்கள் தீட்டித் தைத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் அளவினது. கதை மிக எளியது. ஆன் என்னும் சிறுமி. அவள் பிறந்த ஊர் தங்கை ஆன் பிறந்த அதே ஊர். அவளுக்குத் தந்தையும் தாயும் உண்டு, செல்வர்கள். ஒரு கோட்டையைப் பார்க்கப் போகின்றனர். பின்னர் கப்பலிற் செல்கின்றனர். காலநிலை நன்றாகவே இருக்கின்றது. ஆனால் தாய் நோயுறுகிறாள். சிறுமி ஆன் தாயை மிக்க கவனத்துடன் பராமரித்து மருந்து கொடுக்கிறாள். கதை அத்துடன் நின்றுவிடுகின்றது. தாய் பிழைத்தாளா, இறந்தாளா என்பது சொல்லப்படவில்லை.

தாயின் முகமே நினைவிலில்லாத ஒரு பிள்ளைக்கு, அவளிலும் நான்கு வயது மூத்த பிள்ளை, தாய்க்கு மருந்து கொடுக்கும் வாய்ப்பை எழுதிக் கொடுக்கின்றாள். இதனை நழுவல் என்று கூற எமக்கு நாவெழவில்லை. நழுவ விரும்பும் பிள்ளை தாயை நோயாளியாக்க வேண்டியதில்லை. கோட்டையைப் பார்த்ததோடு கதையை முடித்திருக்கலாம். விளையாட்டில் நோயாளியாக அழும் பிள்ளை விளையாடுபவளாக மகிழ்கின்றது என்ற கருத்தை சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி 1933இல் எடுத்துரைத்தார். 1920இல் பிராய்ட், தாய் விலகிச் செல்வதை நூற்சுருள் ஒன்றை எறிந்தும் இழுத்தும் மீள மீள நடித்த சிறுவனைப் பற்றி எழுதினார். தனக்கு நேர்ந்ததைத் தான் செய்வதாக மாற்றிக்கொள்ளும் அவ்விளையாட்டில், செயலற்றிருந்த பிள்ளை செயலாளியாகின்றது. பிராய்டின் சிறுவன் தனித்து விளையாடியவன். சார்லற்றோ தன் பதகளிப்பை இன்னொரு பிள்ளைக்கான பரிசாக மாற்றினாள். இந்த வேறுபாடு அற்பமானதன்று.

இதற்கு முன்னரே, 1826 யூனில், தந்தை லீட்ஸ் நகரிலிருந்து பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரப் படைவீரர்களை வாங்கி வந்திருந்தார். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொரு வீரனைத் தமதென எடுத்துப் பெயரிட்டனர். சார்லற்றின் வீரன் வெலிங்டன் பிரபு. பிரான்வெல்லின் வீரன் நெப்போலியன். வீரர்கள் மேற்கு ஆபிரிக்கக் கரைக்குக் கப்பலேறினர். அங்கு கிளாஸ் ரவுன் என்னும் கண்ணாடி நகரம் எழுந்தது. பிள்ளைகள் நால்வரும் அராபிய இரவுக் கதைகளில் வரும் பூதங்களின் அதிகாரத்துடன் அவ்வுலகை ஆண்டனர். அவ்வதிகாரங்களுள் தலையாயது இறந்த வீரனை மீள எழுப்புவது. எத்துணை குருதி சிந்தினும் மறுநாட்போருக்கு ஆள் குறைவதில்லை.

மரப்பொம்மை சாகாது என்பது உண்மையே. எந்தப் பிள்ளையும் தன் பொம்மையை மீள நிறுத்தும். ஆனால் எழுப்பும் அதிகாரத்தைச் சட்டமாக வகுத்து, அதற்கு உரிய தெய்வங்களை நியமித்து, அதனை வரலாறாக எழுதி வைப்பதற்கு வேறு காரணம் வேண்டும். அந்த வீட்டில் ஓராண்டுக்கு முன்னரே இருவர் எழும்பாமற் போயிருந்தனர். தமக்கையரின் மரணத்தை இச்சிறு நூல்கள் நேரடியாகப் பேசுவதை அரிதாகவே காண்கிறோம். மௌனத்தின் அளவு உயிர்ப்பிக்கும் அதிகாரத்தின் அளவில் வெளிப்படுகின்றது.

நூல்களின் உருவமும் கவனிக்கத்தக்கது. சீனி சுற்றி வந்த தாள் முதலிய கழிவுத் தாள்களை வெட்டித் தைத்து, அச்செழுத்தைப் போன்ற நுண்ணெழுத்தில், பொம்மை வீரர்களே வாசிப்பதற்கேற்ற அளவிற் செய்யப்பட்டவை. பெரியவர்களின் கண்ணுக்கு எட்டாத அவ்வெழுத்துத் தான் இரண்டாவது முகமூடி. உள்ளடக்கமோ பெரியவர்களின் சஞ்சிகையினது. பிளாக்வூட்ஸ் மகசினைப் பார்த்தே பத்திராதிபர் குறிப்பும் விளம்பரமும் கவிதையும் அரசியல் வசையும் அமைந்தன. (கழிவுத் தாளிற் செய்த இந்நூல்களுள் 1830ஐச் சேர்ந்த ஒன்று 2019 நவம்பரில் பாரிஸ் ஏலமொன்றில் ஆறு இலட்சம் யூரோவுக்குப் புரொன்ரே சங்கத்தால் வாங்கப்பட்டது. பண்டமாகாத விளையாட்டொன்று பண்டமான விந்தையை வேறு சந்தர்ப்பத்தில் ஆராயலாம்.)

இவ்விடத்திலேயே முற்போக்கு வாசகன் நிறுத்திக் கேட்க வேண்டிய வினா எழுகின்றது. ஏன் வெலிங்டன்? ஏன் மேற்கு ஆபிரிக்கா? கற்பனை எதனையும் சூனியத்திலிருந்து படைப்பதில்லை, அனுபவம் வழங்கிய பொருள்களையே அது மீளப் புனைகின்றது என்பதும் வைகொட்ஸ்கி 1930இல் விளக்கிய உண்மையே. ஹாவோர்த் பிள்ளைகளுக்குக் கிடைத்த பொருள் பழைமைவாத ரோரிச் சஞ்சிகையும், புவியியற் பாடநூலும், அயர்லாந்துக் குடியானவனின் மகனாயிருந்து ஆங்கிலக் கனவானாக முயன்ற தந்தையின் அரசியலுமாகும். அப்பாடநூலின் படத்திலே வெறும் நிலமாகத் தோன்றிய இடத்திற் கண்ணாடி நகரம் எழுகின்றது. ஆனால் அந்நிலம் வெறுமையானதன்று. அது அசாந்தி மக்களின் நிலம். அவர்களைப் போரில் வென்றே நகரம் நிலைபெறுகின்றது. அசாந்தி அரசனின் மகன் குவாஷியாவை வெலிங்டன் பிரபு வளர்ப்புப் பிள்ளையாக்குகிறான். வளர்ந்த குவாஷியா கிளர்ந்தெழும்போது நன்றிகெட்டவனாகச் சித்திரிக்கப்படுகிறான். தாயும் தமக்கையரும் மண்ணுக்குள் இருக்கும் பிள்ளைகள், தம் வீரர்களை எழுப்பிக்கொண்டே, தந்தையை இழந்த இன்னொரு பிள்ளையின் மண்ணைப் பறிக்கின்றனர். உயிர்த்தெழும் உரிமை எவ்வெவர்க்கு உண்டு என்பதைப் பேரரசு ஏலவே தீர்மானித்து அவர்கள் கையிற் கொடுத்திருந்தது.

வெலிங்டன் எமக்கும் அந்நியனல்லன். 1799இல் திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கபட்டணப் போரிற் பங்குகொண்டு அந்நகரின் ஆளுநரானவனும், 1800ஆம் ஆண்டின் இறுதியிற் படையெடுப்பொன்றுக்கு ஆயத்தமாகத் திருகோணமலையில் வந்து தங்கியவனும் இவனே. யோர்க்ஷயரின் சிறுமியொருத்தியின் துயரத்தைத் தாங்கிய மரப்பொம்மை இப்பகுதிகளில் வேறு வேலையில் ஈடுபட்டிருந்த மனிதனின் பெயரைக் கொண்டிருந்தது. இதனைச் சொல்வது பத்து வயதுப் பிள்ளையைக் குற்றக்கூண்டில் நிறுத்துவதற்காகவன்று. துயரம் அவளுடையது, கருவிகள் அவளுடையவையல்ல. முன்னதை மதிப்பதற்காகப் பின்னதை மறைக்க வேண்டியதில்லை என்பதே எமது வாதம்.

மேலும், அவர்களது பள்ளத்தாக்கிலேயே வேறொரு வரலாறு நிகழ்ந்திருந்தது. 1812 ஏப்ரலில் இயந்திரங்களை உடைத்த நெசவுத்துறைத் தொழிலாளர், தந்தை அப்போது பணியாற்றிய கோயிற்பற்றுக்கு அண்மையிலுள்ள றோபோல்ட்ஸ் ஆலையைத் தாக்கினர். அக்கதைகளைத் தந்தை பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. ஆயினும் கண்ணாடி நகரின் மகுடம் பிரபுக்களுக்கே சூட்டப்பட்டது.

பிராய்ட் 1908இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கவிஞனின் புனைவைப் பகற்கனவுடன் ஒப்பிட்டார். பகற்கனவு தனியனின் இரகசியம், பிறர்முன் நாணுவது. ஹாவோர்த் விளையாட்டு இவ்விலக்கணத்துக்கு அமையாது. அது நால்வரின் கூட்டு உழைப்பு. ஒருவர் கொன்றவரை இன்னொருவர் எழுப்பினர். ஒருவரின் வரலாற்றை இன்னொருவர் மறுத்தெழுதினர். பயம் பொதுச்சொத்தாகிப் பங்கிடப்பட்டது. இக்கூட்டு குலைந்தபோது யாது நிகழ்ந்தது என்பதை நோக்கும்போதே கற்பனை ஆற்றிய பணியின் தன்மை தெளிவாகின்றது.

1831இல் சார்லற் றோ ஹெட் பாடசாலைக்கு அனுப்பப்பட்டாள். அங்கு இரவிலே சக மாணவியருக்குப் பயங்கரக் கதை சொல்லி, நோயிலிருந்து தேறிவந்த ஒருத்தி அலறும்வரை கொண்டுசென்று, பின்னர் வருந்தினாள் என்பர். தோழி மேரி ரெயிலர் காஸ்கெல் அம்மையாருக்குக் கூறிய செய்தி இன்னும் கூர்மையானது. மரியாவும் எலிசபெத்தும் தன்னைக் காண வந்ததாகச் சார்லற் கனவு கண்டாள். வரவேற்பறைக்குச் சென்று பார்த்தால் அவர்கள் மாறிப்போயிருந்தனர். நாகரிகமாக உடுத்தி, முன்பு தாம் நேசித்தவற்றை மறந்து, அறையைக் குறைகூறிக்கொண்டிருந்தனர். கனவை மேலே கற்பனை செய்து முடிக்கும்படி தோழி தூண்டினாள், சார்லற் மறுத்துவிட்டாள். பூதத்தின் அதிகாரம் இங்கு செல்லவில்லை. எழுந்து வந்தவர்கள் அவளுடைய இறந்தவர்கள் அல்லர்.

1835 முதல் 1838 வரை அதே பாடசாலையில் ஆசிரியையாக ஊதியத்துக்கு உழைத்தபோது நிலைமை மேலும் மோசமாயிற்று. அக்காலத்து அவளது குறிப்பேடு ஒரு நோயாளியின் சாட்சியம் போன்றது. கண்ணாடி நகரிலிருந்து விரிந்த அங்கிரியா இராச்சியத்தின் காட்சிகள் வகுப்பு நடுவே படையெடுக்கின்றன, மாணவி ஒருத்தி பாடத்துடன் வந்து நிற்கிறாள், காட்சி சிதறுகின்றது. 1836இல் வீட்டிலிருந்த பிரான்வெல் கதையின் நாயகி மேரி பெர்சியைக் கொன்றுவிடத் தீர்மானித்தான். அவள் உண்மையாகவே இறந்துவிட்டாளோ எனத் தொலைவிலிருந்து சார்லற் ஏங்குவதைக் குறிப்பேட்டிற் காணலாம். வயது இருபது. மீண்டும் ஒரு மரணம் அவள் இல்லாதபோது வீட்டில் நிகழ்ந்தது. மீண்டும் அவள் விடுதிப் பாடசாலையில் இருந்தாள். தன் எழுத்தில் மேரியை அவள் பிழைக்க வைத்தாள். சிறுவயதிற் பதகளிப்பைத் தணித்த அதே கற்பனை, கூட்டிழந்து, கூலி உழைப்பின் இடைவெளிகளுக்குள் ஒடுங்கியபோது பதகளிப்பின் ஊற்றாக மாறிவிட்டது. பிள்ளையின் கற்பனை மருந்தா நோயா எனப் பொதுவாக வினவுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நலம்.

எமிலியும் ஆனும் தம் கொண்டல் உலகை (தமிழ்ச் சொல்லை ஒத்திருப்பினும் தொடர்பெதுவுமில்லை) இருவராகவே பேணினர். 1845இல் யோர்க் நகருக்குப் பயணஞ் செய்தபோதுகூட அவ்வுலகின் பாத்திரங்களாக நடித்து மகிழ்ந்ததை எமிலி தன் குறிப்பில் எழுதியுள்ளாள். அப்போது அவள் இருபத்தேழாவது பிறந்தநாளை எட்டிக்கொண்டிருந்தாள். பிரான்வெல்லின் கதை வேறு. மரியாவின் மரணத்தை நினைவூட்டும் கவிதைகளைக் கரோலின் என்ற இறந்த சகோதரியின் பெயரால் அவன் எழுதினான். பத்திரிகையிற் கவிதைகள் அச்சேறிய காலத்தும் அங்கிரியாவின் நோதாங்கர்லாண்ட் பிரபுவின் பெயரையே புனைபெயராகக் கொண்டான். முகமூடியைக் கழற்றி ஒரு முகத்துடன் சந்தையில் நிற்க அவனால் இயலவில்லை.

சார்லற் 1839ஐ ஒட்டி அங்கிரியாவுக்கு விடைகூறும் குறிப்பொன்றை எழுதினாள். 1847இல் ஜேன் அயர் வெளிவந்தது. அந்நாவலின் லோவூட் பாடசாலை கௌவன் பிரிட்ஜ் என்பதையும் ஹெலன் பேர்ண்ஸ் மரியா என்பதையும் சார்லற்றே ஒப்புக்கொண்டாள். இங்கு பூதங்கள் இல்லை. கெட்ட உணவு இருக்கின்றது, தருமத்தின் பெயரால் பிள்ளைகளைப் பட்டினியிடும் கனவான் இருக்கிறான், காய்ச்சல் பரவுகின்றது. ஹெலன் இறக்கிறாள், எழவில்லை. தன் துயரத்துக்குக் காரணம் விதியன்று, ஒரு நிறுவனம் என்பதை எழுத்தாளர் கண்டுகொண்ட இடம் இது. துயரம் கோபமாகும்போதே யதார்த்தம் அவருக்குச் சாத்தியமாகின்றது. ஆயின் ஒரேயொரு விபரத்தை அவர் மாற்றினார். நாவலின் சிறுமி ஜேன் இரவில் எழுந்து, தடையை மீறி, ஹெலனின் படுக்கைக்குட் சென்று அவளை அணைத்தபடி உறங்குகிறாள். காலையில் ஹெலன் பிணமாயிருக்கிறாள். 1825 மே மாதத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கிட்டாத படுக்கையருகை, முப்பது வயது நாவலாசிரியை எழுதிப் பெற்றுக்கொண்டார். உயிர்ப்பிக்கும் வல்லமை உடனிருக்கும் வல்லமையாகச் சுருங்கியது. எமது மதிப்பீட்டில் அது சுருக்கமன்று, வளர்ச்சியே. அதே ஆண்டில் வந்த எமிலியின் வதறிங் ஹைற்ஸ் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. இறந்த சிறுமி யன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடும்படி மன்றாட, பீதியடைந்த மனிதன் அவள் மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் அறுக்கிறான்.

பின்னர் 1848 செப்ரெம்பரில் பிரான்வெல்லும் டிசெம்பரில் எமிலியும் 1849 மே மாதத்தில் ஆனும் இறந்தனர். விளையாட்டின் நால்வருள் ஒருவர் மாத்திரம் எஞ்சினார். அப்போது பாதியில் நின்றிருந்த ஷேர்லி என்னும் நாவலுக்கே இயந்திரம் உடைத்த தொழிலாளரின் 1812 போராட்டம் களமாயிற்று. பள்ளத்தாக்கு இறுதியில் அவர் எழுத்துக்குள் வந்துவிட்டது. எனினும் ஆலைக்குள் நின்று துப்பாக்கியுடன் பார்க்கும் பார்வையே அங்கு மேலோங்குகின்றது. ஆனின் மரணத்தின் பின் அவர் முதலில் எழுதியது, காஸ்கெல் அம்மையாரின் கூற்றுப்படி, மரண நிழலின் பள்ளத்தாக்கு எனத் தலைப்பிட்ட அத்தியாயம். கரோலின் என்னும் பெண் அதில் மரணப்படுக்கையிற் கிடக்கிறாள். பிரான்வெல் தன் கவிதையின் இறந்த சகோதரிக்கு இட்ட பெயரும் அதுவே. அவளைப் பராமரிக்க வந்த திருமதி பிரையர் தானே அவளை ஈன்ற தாய் என்பதை வெளிப்படுத்துகிறாள், மகள் பிழைத்துக்கொள்கிறாள்.

விமர்சகர்கள் இத்திருப்பத்தைச் செயற்கையானது, நாவலின் சமூகப் பொருளோடு ஒட்டாதது என்று கண்டித்துள்ளனர். கட்டமைப்பை மட்டும் கருதின் நாமும் உடன்படுவோம். ஆயினும் தங்கைக்கெனத் தைத்துக் கொடுத்த அச்சிற்றேட்டிலே கப்பலில் நோயுற்ற தாய்க்குச் சிறுமி மருந்து கொடுத்ததோடு கதை நின்றிருந்தது. இருபதாண்டுகளின் பின், அந்தத் தங்கையும் இல்லாத வீட்டில், தாய் எழுந்து வந்து மகளின் படுக்கையருகே அமர்ந்து மருந்தூட்டுகிறாள்.